ஆயிரத்து ஒன்பதாவது கேப்பு

கல்குவாரிக் கிடங்குக்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அவசரத்துக்கென்று பூட்டி வைக்கும் வெடிக் கேப்புகள், அதாவது பாறை வெடியைக் கிளப்பும் விரல் நீள அலுமினியக் குழல்கள், எப்போதும் ஆயிரத்து ஒன்பது இருக்க வேண்டும் என்று என்ஜினியர் சொன்னார். முழுசாக ஆயிரம் வைத்தால் என்ன கேடு என்று கேட்டார் இவர். அது பகா எண், எப்படி வரிசை வைத்தாலும் சரிசமமாக வராது, ஒன்றை எடுத்தால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார் என்ஜினியர்.

படித்தவன் பேச்சு. இவர் வீட்டில் ஆயிரத்து ஒன்பது கூழாங்கல்லைக் கொட்டி உட்கார்ந்தார். ஏழேழாக வைத்தால் ஒன்று மிச்சம். பதினொன்றாக வைத்தால் எட்டு. முப்பத்தொன்று வரை பார்த்தால் போதும் என்று என்ஜினியர் சொல்லியிருந்தார். இவர் அதையும் நம்பாமல் மேலே போனார். எதற்கும் மசியவில்லை.

"யாரோடயும் ஒட்டாத பய" என்றார் மகளிடம்.

"அப்ப நமக்குச் சொந்தந்தான்" என்றாள் அவள்.

முப்பத்தாறு பலகை, பலகைக்கு இருபத்தெட்டுக் குழி. எல்லாம் நிறைந்ததும் ஒற்றைக் கேப்பு மிஞ்சும். பலகை துடைக்கும்போது அது உருண்டு விழக் கூடாதே என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துடைத்து முடிந்ததும் பஞ்சு வைத்த டப்பாவுக்குள் போகும்.

ஒரு நாள் காலை பலகைகளில் ஒரு குழிகூடக் காலியில்லை. டப்பாவில் பஞ்சு மட்டும் இருந்தது.

பாறையில் துளைபோடும் ஆளைப் பிடித்து இடுப்புத் துணிவரை உதறச் சொன்னார். அவனும் உதறினான், முறைத்துக்கொண்டே.

"பெரியவரே, நேத்து லாரிக்காரன் ஹாரன் அடிச்சான்னு பாதித் துடைப்புல ஓடினீங்க. அப்ப அந்த ஒத்தை எங்க இருந்துச்சு?"

கை தானாக மார்புக்குப் போனது. இது வேறு சட்டை. நேற்றையதை, சோப்பு வீண், இன்னொரு நாள் போடலாம், இஸ்திரி மட்டும் போட்டு வை என்று இவரேதான் மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். கேப்புக்குச் சூடு ஆகாது, வெடித்துவிடும்.

வேலிக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பதும் இவர் போட்ட சட்டம்தான். சரிவில் ஓடினார். வீட்டுப் பக்கமிருந்து சத்தம் வருகிறதா என்று காது அதிலேயே இருந்தது. எதுவும் வரவில்லை. அதுவும் பயமாக இருந்தது.

மகள் சட்டையை மேசையில் விரித்திருந்தாள். ஒரு கை முடிந்திருந்தது. இஸ்திரிப் பெட்டி தோளிலிருந்து பைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கத்தினால் திடுக்கிட்டுப் பெட்டியைப் போட்டுவிடுவாள். இவர் வாசலிலேயே நின்று மூச்சை அடக்கினார்.

"அம்மாடி, பெட்டியத் தூக்கு. மெல்ல. தள்ளி நில்லு."

தன் வாழ்நாளில் அவ்வளவு தணிந்து பேசியதில்லை. அதனாலேயே அவள் மறுபேச்சில்லாமல் தூக்கினாள். இரண்டு விரலால் பைக்குள்ளிருந்து குழலை எடுத்தார். இளஞ்சூடாக இருந்தது.

"என்னப்பா அது?"

"மிச்சம்" என்றார்.