ரொட்டிக்கு அடிபட்ட நாள்

வீடியோவை அழித்தாகிவிட்டது. ஆனால் அதற்குள் ஊரே அதை எடுத்துத் தத்தம் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தது. வாலு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கருத்துகளைப் படித்தாள்.

அம்மாவுக்கு ரொட்டி ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்தில் வேலை. கோணல் மாணலாக வெந்த ரொட்டியைக் கடைக்கு அனுப்பமாட்டார்கள். அடையாளத்துக்குப் பாக்கெட் ஓரத்தைக் கத்தரித்து வேலையாட்களிடமே கொடுத்துவிடுவார்கள். நேற்று வந்ததில், விரல் காயத்துக்கு ஒட்டுகிற நீலப் பிளாஸ்திரி ஒன்று ரொட்டியோடு சேர்ந்து வெந்திருந்தது. வாலுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாவம், ரொட்டிக்கு அடிபட்டிருச்சு! முதலுதவி பண்ணியாச்சு" என்று பேசி வீடியோ எடுத்து, பொய்ப்பெயர்க் கணக்கில் ஏற்றிவிட்டாள்.

காலையில் எல்லோரும் சிரித்தார்கள். 'தையல் போடணுமா டாக்டர்?' மதியம் யாரோ, 'இதைத்தானே என் புள்ள தின்னுது' என்று எழுதினார்கள். அவ்வளவுதான். சிரித்த வாய்களே, 'அந்த ஆளைத் தூக்குங்க!' என்று கத்தின.

"என்னடி, உள்ளயே குடித்தனம் பண்றியா?" அம்மா கதவைத் தட்டினாள். "வெளிய வா, கூத்தைப் பாரு."

அப்பா ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டே, கைபேசியில் அந்த வீடியோவைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "குரல் கீச்சுகீச்சுன்னு எலி மாதிரி இருக்கு. யாரு பெத்ததோ!"

"நாளைக்கு எங்களுக்கு விரல் பரேடாம்," என்றாள் அம்மா. "காயம் இருக்கிறவ வீட்டுக்குப் போகணுமாம். கையுறை குடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய்தான் வலிச்சுது. காயம் இல்லாத விரல் அந்த மேனேஜர்கிட்டதான் இருக்கு!"

"கடைக்கே போகாத ரொட்டிதானேம்மா? அதைச் சொல்லலாமே?"

"எந்த ரொட்டியா இருந்தா என்ன, யாரு கேப்பா? இதைப் படி."

ஆலையின் அறிவிப்பு: தவறு செய்த தொழிலாளி உடனே நீக்கப்படுவார். கீழே, 'சபாஷ்! பொறுப்பான நிறுவனம்.' இதயங்கள் பொங்கிப் பொங்கி ஏறின.

அம்மா வீடியோவை மறுபடி ஓட்டி, நிறுத்தி, விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்கிய அம்மாவின் கட்டைவிரலில் ஆறாத வெட்டு.

"ஓரம் வெட்டின பாக்கெட்டுடி இது..."

அப்பாவின் வாய் பாதி மெல்லலில் நின்றது.

"வாலு, நேத்து நான் கொண்டாந்த பாக்கெட்டை யாரு பிரிச்சா?"

குளியலறையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.