கரிம வேதியியல், இரண்டாம் முறை

மே இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குள் சன்னாரி முப்பத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டாள். ஸ்டாக்டனில் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வாரம் நான்கு நாள் வேலை. ஊசி இறங்கும்போது எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். வருகிறவர்களுக்கு அது பிடிக்கும். அன்று என்ன பேசினாள் என்று கையுறையைக் கழற்றும்போது நினைவில்லை.

ஜூன் ஒன்றுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்தவளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் மூன்றாம் ஆண்டில் இடம் கொடுத்திருந்தன. ஒன்று தெற்கே, கடலோரம். பெயர் பெற்றது, சொந்த மருத்துவமனை உள்ளது. இன்னொன்று வீட்டிலிருந்து நாற்பது நிமிடம், நெடுஞ்சாலையை ஒட்டி, பாதாம் தோப்புகளுக்கு நடுவே. எதில் பட்டம் வாங்கினால் மருத்துவக் கல்லூரி தன்னை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கடலோரக் கடிதம் வந்த அன்று அண்ணன் விசெத் வீட்டுக் கூடத்தில் நின்று சந்தோஷத்தில் கூவினான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தையும் மடித்து முடித்தாள்.

பத்து நாள் கழித்து அதே இடத்திலிருந்து பாட மதிப்பீடு வந்தது. கரிம வேதியியல் இரண்டு பருவமும் அவள் சமுதாயக் கல்லூரியிலேயே முடித்திருந்தாள், இரண்டிலும் ஏ. அந்தக் கல்லூரியில் எல்லாரும் இரண்டு பருவத்தையும் அங்கேயே முடித்துவிடுவார்கள். வகுப்பு திறந்தால் எடுத்துவிடுவார்கள், அடுத்த வருடம் திறக்குமோ என்னவோ. கடலோரப் பல்கலைக்கழகத்தில் அது மூன்றாம் ஆண்டுப் பாடம். அவள் முதல் இரண்டு ஆண்டில் படித்தது பட்டத்துக்கான மொத்தப் புள்ளிக் கணக்கில் சேரும், அந்தப் பாடமாகச் சேராது. அங்கே போனால் முதலிலிருந்து படிக்க வேண்டும். பாதாம் தோப்புக்காரர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

கல்லூரி ஆலோசகர் ஓர்ட்டீஸ் அம்மையார் மதிப்பீட்டை இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டாவது பருவத்தை இங்க எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"கோடையில இடம் இருந்துச்சு, மிஸ்."

"இடம் இருந்தா உட்கார்ந்துருவியா? பஸ்ஸா இது?"

சன்னாரி சிரிக்கவில்லை. ஓர்ட்டீஸ் குரலை இறக்கினார்.

"மறுபடி படிச்சா ரெண்டு மார்க்கும் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துல பக்கத்துல பக்கத்துல நிக்கும். அங்கயும் ஏ வாங்கினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"பி வாங்கினா?"

"முதல் ஏ எங்க வாங்கினதுன்னு பாப்பாங்க."

இதே கல்லூரியிலிருந்து போன வருடம் கடலோரத்துக்குப் போனவன் மார்லன். இங்கே வேதியியல் கூடத்தில் அவளுடைய மேசைத் துணை. இருபத்தொன்பதாம் தேதி வேலை முடிந்து மதியம் அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"எப்படி இருக்கு அந்தப் பாடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இப்ப பொருளாதாரம்."

"எப்பலேர்ந்து?"

"ஜனவரி. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீயும் உளறி வைக்காத."

"ஏன் விட்ட?"

"நானூறு பேரு, நாரி. நீ எவ்வளவு எழுதினங்கறது முக்கியமில்ல, பக்கத்துல உள்ளவன் எவ்வளவு எழுதினான்கறதுதான். அவனுங்க ரெண்டு வருஷமா அங்கயே இருக்கானுங்க, பழைய கேள்வித்தாள் எல்லாம் வெச்சிருக்கானுங்க. நான் போனதும் பதினோரு வாரத்துல பருவமே முடிஞ்சிருச்சு."

"அப்ப வராதேங்கறியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? நீ என்னைவிட கெட்டிக்காரி. நீ வந்தா எனக்கும் பேச்சுத்துணை." பிறகு சொன்னான்: "ஆனா கெட்டிக்காரின்னு சொல்லித்தான் எங்க எல்லாரையும் இங்க அனுப்பினாங்க."

கேட்டுவிட்டு அவள் கடைக்குப் போய் அரிசி வாங்கினாள். பயமோ வருத்தமோ வரும் என்று காத்திருந்தாள். அரிசி மூட்டை கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தாள். லாரி ஓட்டிவிட்டு வந்திருந்த விசெத் எதிரே புளிப்பு மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன டாக்டர், கடலா?"

"சும்மா இரு, பொங்," என்றாள். அண்ணனை அவர்கள் மொழியில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கூட வண்டி ஓட்டறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ மாத்தி கீத்தி வெச்சுராத, என் மானம் போயிரும்."

அவள் பாதாம் தோப்புப் பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போய், வருகிறேன் என்ற பொத்தானை அழுத்தினாள். பிறகு கடலோரத்தின் பக்கத்தில், வரவில்லை என்பதை. அது உடனே விடவில்லை. ஏன் வரவில்லை, ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்றது. செலவு. தூரம். குடும்பம். உடல்நலம். மற்றவை.

செலவு இல்லை, உதவித்தொகை கொடுத்திருந்தார்கள். தூரம் என்றால் தூரம்தான், ஆனால் அதற்காக இல்லை. மற்றவை என்பதை அழுத்தியதும் எழுதுவதற்கு ஒரு கட்டம் திறந்தது. நானூறு பேர் என்று எழுதி அழித்தாள். பிறகு, 'அந்தப் பாடத்தை நான் ஏற்கனவே படித்துவிட்டேன்' என்று எழுதினாள். அது உண்மை. பொய்யாகவும் தோன்றியது. அனுப்பினாள். நன்றி, வாழ்த்துகள் என்று திரை சொன்னது.

"முடிஞ்சுதா?" என்றான் விசெத்.

"முடிஞ்சுது. இங்கதான். பக்கத்துல உள்ளது."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பயந்துட்டியா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். 

"தினம் நாற்பது நிமிஷம்," என்றான் அவன். "போக நாற்பது, வர நாற்பது. உன் கார் தாங்காது. சனிக்கிழமை பிரேக்கைப் பாத்துடறேன்."

"சரி," என்றாள் சன்னாரி. கணினியை மூடிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள்.