‘டா’ போட ஓர் ஆள்

தொண்ணூற்றொரு வயதில் எனக்கு மரியாதைக்குப் பஞ்சமில்லை. ஆனையூரில் பால் ஊற்றுகிறவர் முதல் பங்குச் சாமியார் வரை எல்லோருக்கும் நான் ‘ஐயா’. மரியாதையைத் தின்று தின்று அஜீரணமே வந்துவிட்டது. என்னை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மிச்சம் ஒருத்தன் இருந்தான், கோச்சடை பேயாண்டி. மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. தனிஸ்லாஸ் என்ற பெயரைப் பாதியில் ஒடித்து ‘டேய் தனி’ என்பான். அது எவ்வளவு பொருத்தம் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் இடுப்பெலும்பு முறிந்து படுத்ததில் அவனைப் பார்த்து ஒரு வருஷமாகிவிட்டது. போனில் பேசலாமென்றால் இரண்டு பேருக்கும் காது மந்தம். சாவதற்குள் அவன் வாயால் ஒரு ‘டேய்’ கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

“பேயாண்டி மாமாவுக்கு இப்ப ஞாபகம் சரியில்லையாம்ப்பா” என்றான் மகன் இம்மானுவேல்.

“அவனுக்கு என்னைக்கு ஞாபகம் இருந்துச்சு? பரீட்சையே என்னையப் பாத்துத்தான எழுதுனான்? ஆட்டோவக் கூப்பிடு.”

இம்மானுவேலுக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியதில் யார் யாரை ஏற்றுகிறோம் என்று ஆட்டோக்காரருக்கே குழப்பம். “ரெண்டு பெருசும் பாத்து ஏறுங்க” என்றார். மகன் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவனுக்கு இன்னும் பழகவில்லை.

கோச்சடையில் கதவைத் திறந்தது பேயாண்டியின் மகள் முத்துமீனா. அவளுக்கும் தலை வெளுத்துவிட்டது. உள்ளே கட்டிலில் இருந்த பேயாண்டி என்னைக் கண்டதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தான். கைகூப்பினான்.

“வாங்க சார், உக்காருங்க. மீனா, சாருக்குக் காப்பி கொண்டாத்தா.”

“டேய், நான்தான்டா தனி!” என்று கத்தினேன்.

“தனியா? அவன உங்களுக்குத் தெரியுமா சார்?” பேயாண்டியின் முகம் மலர்ந்தது. “என் கூட்டாளி. கெட்ட பய சார். என் பலப்பம் அம்புட்டையும் தின்னுருவான். இப்பப் பெரிய ஆளாயிட்டான் போல, எட்டியே பாக்க மாட்றான். நானும் வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கேன்.”

“அப்பா, அவுகதான்ப்பா இவுக...” என்று தொடங்கிய முத்துமீனாவைக் கையமர்த்தினேன்.

கோபம் வந்தது. அவன் மேலா, எங்களை இவ்வளவு காலம் விட்டுவைத்த ஆண்டவர் மேலா, தெரியவில்லை. அழுகையும் வந்தது. ஆனாலும் என்னை ‘அவன்’ என்றும் ‘பய’ என்றும் சொல்ல இந்த உலகத்தில் இவன் ஒருத்தன்தான் பாக்கி. அதையாவது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காப்பி ஆறும்வரை என்னைத் திட்டித் தீர்த்தான்.

கிளம்பும்போது, “அவனப் பாத்தா என்ன சொல்லட்டும்?” என்று கேட்டேன்.

பேயாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“டேய் தனி, செத்துக்கித்துப் போயிட்டியாடான்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க சார்.”

“சொல்றேன் சார்” என்றேன். நான் அவனைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.