அக்கா பேசறேன்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாண்டரி அக்கா, அவ்வளவுதான். எழுபது வயதுக்காரர்கூடத் துணி மூட்டையைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு அக்கா என்றுதான் ஆரம்பிப்பார். அவளும் யாரையும் சும்மா அனுப்ப மாட்டாள். காபிக் கறை போகுமா என்று கேட்டால், போகும், ஆனால் அடுத்த தடவை காபியை வாயில் ஊற்றிக்கொள்ளுங்கள், சட்டை குடிக்காது என்பாள். அந்த வாய்க்காகவே வருகிறவர்கள் உண்டு.

அதே வாய்தான் அவளுடைய தம்பியையும் துரத்தியது. ஆறடி உயரம் வளர்ந்தவனுக்குப் பெயர் சுண்டு. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்கு இருந்தானாம், அவள் அப்படிக் கூப்பிட, ஊரும் கூப்பிட்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினேழு வயது, அவனுக்கு ஆறு. வளர்த்தாள், படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வைத்தாள். பெரிய ஓட்டல் ஒன்றின் விரிப்புகள் எல்லாம் இவர்கள் கடைக்கு வர ஆரம்பித்த வாரத்தில், அவன் வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, பெண்டாட்டியோடு போகிறேன் என்று வந்து நின்றான். அவளுக்குச் சுருக்கென்றது. கவுண்ட்டரில் நான்கு பேர் நிற்கும்போதே, போனா போ, இனிமே இந்தக் கடைப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டாள். கோபம் வந்தால் நாக்கு நம் பேச்சையா கேட்கிறது? அவனும் ரோஷக்காரன். போனவன் போனவன்தான்.

நான்கு வருஷம். இதற்கு நடுவில் அவளுடைய சொந்த போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது, நம்பரும் மாறிவிட்டது. அதனால் என்ன, கடை நம்பர் அவனுக்கு மனப்பாடமாயிற்றே என்று இருந்தாள். அவன் ஒரே ஒரு வார்த்தை, அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அவள் அந்த நிமிஷமே உருகிவிடுவாள். ஆனால் முதல் வார்த்தை அவனிடமிருந்துதான் வரவேண்டும். சின்னவன் அவன்தானே. இந்த வீம்பு அவளுடைய கணவருக்கும் தெரியும். அவர் இஸ்திரிப் பெட்டியை நகர்த்தியபடியே, நீதான் பண்ணேன் ஒரு போன் என்பார். அவள் காதில் விழாத மாதிரி துணி மடிப்பாள்.

வாடிக்கை பெருகப் பெருகக் கடை போனைச் சமாளிக்க முடியவில்லை. துணி ஆச்சா, எப்ப ஆகும், கடை இருக்கா என்று நாள் முழுக்க மெசேஜ். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் சொல்லி, கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்துதரும் சிஸ்டம் மேடம் வந்தாள். முப்பது வயதிருக்கும், பொறுமைசாலி. கடையின் மெசேஜ் ஆப்பை பில் போடும் கம்ப்யூட்டரோடு இணைத்துவிடலாம், யார் பில் நம்பர் அனுப்பினாலும் துணி எந்த நிலையில் இருக்கிறது என்று அதுவே பார்த்துப் பதில் போட்டுவிடும் என்றாள். புது நம்பர் வாங்கினால் வேலை சுலபம் என்றும் சொன்னாள். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். இந்த நம்பர்தான் வேண்டும். வாடிக்கையாளர்களுக்குப் பழகிய நம்பர் என்று காரணம் சொன்னாள். எந்த வாடிக்கையாளர் என்று கணவர் கேட்கவில்லை.

பழைய நம்பரே இணைந்தது. ஆனால் இனி அதில் வருவதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் தெரியும், போனில் ஆப் இருக்காது என்றாள் மேடம். கடை போனை அணைத்து மேஜை இழுப்பறையில் போட்டாயிற்று.

பதில் வாசகங்களை மேடம் ஒரு தாளில் எழுதி வந்திருந்தாள். "தங்கள் மேலான தொடர்புக்கு நன்றி" என்று இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்படிப் பேசினால் என் ஜனங்கள் பயந்து ஓடிவிடுவார்கள், எழுதுங்கள் நான் சொல்கிறேன் என்று, கவுண்ட்டரில் சாய்ந்துகொண்டு தான் பேசுகிறபடியே ஒவ்வொரு வரியையும் சொன்னாள். மேடம் அப்படியே ஏற்றினாள். பில் நம்பர் இல்லாமல் வருகிறவை? காலை வணக்கப் பூப்படம் அனுப்புகிறவர்கள்தான் பாதிப்பேர், அவற்றை எங்காவது ஒரு மூலையில் போடுங்கள் என்றாள் அக்கா. மேடம், பில் நம்பர் கேட்டு ஒரு பதில் மட்டும் போகும்படி செய்து, அவற்றுக்கு 'மற்றவை' என்று ஒரு பெட்டி வைத்தாள்.

எல்லாரும் ஏமாந்தார்கள், அதுதான் வேடிக்கை. அக்கா, ராத்திரி பத்து மணிக்குக்கூட உடனே பதில் போடறியே, தூங்கவே மாட்டியா என்று எதிர்வீட்டு டீச்சர் கேட்டபோது அவள் பூரித்துப்போனாள். மெஷின் என்று சொல்லவே இல்லை.

மாதம் முடிந்து ஒரு திங்கட்கிழமை, மேடம் கணக்கு காட்ட வந்தாள். இத்தனை மெசேஜ் வந்தது, இத்தனைக்குத் தானே பதில் போனது என்று திரையைக் காட்டிக்கொண்டே வந்தவள், மற்றவையில் அறுபத்துமூன்று இருக்கிறது, அழித்துவிடலாமா என்று கேட்டாள். இருங்கள், எத்தனை ரோஜாப்பூ என்று எண்ணிப் பார்க்கலாம் என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரோஜா, சூரியோதயம், தொட்டிலில் குழந்தை. பிறகு படம் எதுவும் இல்லாத ஒரு நம்பர். போன திங்கட்கிழமை வந்தது.

"அக்கா, நான்தான்."

அதன் கீழேயே பதில். "வணக்கம், அக்கா பேசறேன். பில் நம்பர் சொல்லுங்க, உடனே பாக்கறேன்."

"என்கிட்ட ஏதுக்கா பில்லு. சுண்டு."

"பில் நம்பர் இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அடுத்தது மறுநாள் காலை. "கோவம் இன்னும் போகலையா? தொண்டையில கட்டி. பேச்சு வரலை, அதான் எழுதறேன். வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போறியா?"

வந்து, போய் என்றெல்லாம் எழுதியிருந்தால் கடை நேரத்தைச் சொல்லும்படி வைத்திருந்தார்கள். "காலையில எட்டுலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும் கடையிலதான் இருப்பேன். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

"தெரியும்க்கா. வேலை விட்டு வர முடியாதுன்னு தெரியும். ஒரு வார்த்தையாவது திட்டி எழுது."

"பில் நம்பர் இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

புதன்கிழமை சாயங்காலம், கடைசியாக, "சரிக்கா."

சரி என்று வந்தால் மெஷினுக்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "சந்தோஷம். அக்கா உங்களை எப்படிக் கவனிச்சேன்? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் போடுங்க."

அவன் போட்டிருந்தான். 5.

"ரொம்ப நன்றி. மறுபடியும் வாங்க."

அக்கா திரையை மேலே தள்ளி முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். கணவர் இஸ்திரியை நிறுத்திவிட்டு வந்து அவள் பின்னால் நின்றார். அவள் விசைப்பலகையை இழுத்து, ஒற்றை விரலால் தேடித் தேடி, "சுண்டு, அக்காடா" என்று அடித்தாள். போகவில்லை. மறுபடி அடித்தாள். சிவப்பாக ஏதோ வந்தது.

மேடத்துக்கு முகம் வெளிறிவிட்டது. மெசேஜ் அனுப்பியவர்கள் கடைசியாக எழுதி ஒரு நாள் தாண்டிவிட்டால் நாம் நினைத்ததை எழுத முடியாது அக்கா, முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகம் மட்டும்தான் போகும் என்று மெல்லச் சொன்னாள். கடைக்காரர்கள் ஜனங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்கான ஏற்பாடாம். அனுமதி வாங்கிய வாசகங்கள் இரண்டே இரண்டு. துணி தயார். நாளை கடை லீவு. அவையும் அவள் சொல்லி எழுதியவைதான்.

கணவர் தன் போனில் அந்த நம்பரை அழுத்தி அவள் கையில் கொடுத்தார். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தது தம்பி பெண்டாட்டி.

"நான்தாம்மா, அக்கா. சுண்டு எப்படி இருக்கான்?"

 வெள்ளிக்கிழமை விடியற்காலை அவன் போய்விட்டதாகச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து கண்ணே திறக்கவில்லை. எல்லாம் ஆகி இன்றைக்கு நான்காவது நாள்.

அக்கா கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டாள்.   அந்தப் பெண் அழவில்லை, அழுது தீர்த்துவிட்ட குரலில் தானாகச் சொல்லிக்கொண்டே போனாள். கடை நம்பருக்கு இரண்டு தடவை போன் போட்டாளாம், அணைந்திருந்ததாம். முதல் பதில் வந்ததும் அவன் போனை அவள் கண்ணெதிரே நீட்டினானாம். அக்கா பேசறேன் என்று போட்டிருக்கிறாள் பார், அப்படியே அவள் பேச்சு என்று தாளில் எழுதிக் காட்டினானாம். புதன்கிழமை அந்த ஐந்தைப் போட்டபோது அவளுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டதாம். சாகக் கிடக்கிறவனிடம் பில் கேட்கிறாள், அவளுக்கு மார்க் வேறா என்று சண்டை போட்டாளாம். என்னை வளர்த்தவளுக்கு எப்படிக் குறைத்துப் போடுவது என்று எழுதினானாம். செய்தி சொல்ல வேண்டாம், அவளுக்கு வேலை இருக்கும், பாவம் என்றும் எழுதினானாம். அதனால்தான் சொல்லி அனுப்பவில்லை.

"அது நான் இல்லம்மா," என்றாள் அக்கா. "சத்தியமா நான் இல்ல. மெஷின். நான் இப்பத்தான் பாக்கறேன். பாத்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"நீங்க இல்லையா?"

"இல்லம்மா."

"அண்ணி, மூணு நாள் அந்தப் போனை நெஞ்சு மேலயே வெச்சிருந்தாரு. அப்ப யார்கிட்டதான் பேசிட்டுப் போனாரு?"