உள்ளே இன்னும் ஒரு ஆள்

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் நாத்தனார் வரைபவள். அவளுடைய அண்ணிக்கும் அங்கேதான், அலுவலகத்தின் பொதுக் கணினிகளான சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "நாள் பூரா திரைய முறைச்சுப் பாக்கறதுக்குப் பேரு வேலையா அண்ணி?" என்று வீட்டில் சீண்டாவிட்டால் நாத்தனாருக்குத் தூக்கம் வராது. அண்ணி சிரிப்பதோடு சரி.

எல்லாருடைய வரைபடமும் சர்வரில்தான் திறக்கும். முன்பெல்லாம் காலையில் அத்தனை பேரும் ஒரே சர்வரில் போய் விழுவார்கள். அது திணற, மற்ற இரண்டும் ஈ ஓட்டும். பாரம் குறைந்த சர்வருக்கு ஆளை அனுப்பும்படி அண்ணி அமைத்த பிறகுதான் அலுவலகம் மூச்சுவிட்டது. யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது மூன்றில் ஒன்று மக்கர் செய்தது. நாளைக் காலையில் அதை நிறுத்திப் பழுது பார்ப்போம், சேமித்துவிட்டு முறையாக வெளியேறுங்கள் என்று அறிவிப்பு வந்தது. நாத்தனார் வழக்கம்போல திரையின் மூலையிலிருந்த பெருக்கல் குறியைத் தட்டிவிட்டுக் கைப்பையைத் தூக்கினாள்.

மறுநாள் பாதி வழியில்தான் பொறி தட்டியது. பள்ளிக்கூடத்துக்குப் போட்ட படிக்கட்டு வரைபடம்! சேமிக்கவே இல்லை. பத்து மணிக்கு வாடிக்கையாளர் வருகிறார். சர்வரை நிறுத்தியிருந்தால் போட்ட கோடு அத்தனையும் போச்சு.

ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது அண்ணியின் அறையில் மேலாளர் குதித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏன் நிறுத்தல? சர்வீஸ்காரர் வந்து காத்துக்கிட்டு இருக்கார்."

"உள்ள இன்னும் ஒரு ஆள் இருக்காங்க சார். வெளியேறாம திரைய மட்டும் மூடிட்டுப் போயிருக்காங்க, வரைபடம் இதுல திறந்தபடியே இருக்கு."

"அதான் அறிவிப்பு குடுத்தாச்சே!"

"குடுத்தாச்சு. புதுசா வர்றவங்கள மத்த ரெண்டுக்கும் திருப்பிட்டேன். வேலைய அரைகுறையா விட்டுட்டுப் போனவங்களுக்கு மட்டும் இதுல வழி இருக்கு. வந்து எடுத்துக்கட்டும், உடனே நிறுத்திடறேன்."

"யாரு அந்தப் புண்ணியாத்மா?"

அண்ணிக்குத் தெரியாமல் இருக்குமா? பெயர் திரையிலேயே இருந்தது. "யாரா இருந்தா என்ன சார், கஷ்டப்பட்டுப் போட்டதுதானே," என்றாள்.

வாசலில் நின்று கேட்ட நாத்தனார் அப்படியே திரும்பினாள். தன் இடத்துக்கு ஓடிக் கடவுச்சொல்லைத் தட்டினாள். திரை விரிந்தது. படிக்கட்டு விட்ட இடத்திலேயே, பாதிப் படியோடு நின்றது. இந்த வேலையையா இத்தனை நாள் கிண்டல் செய்தோம் என்று வெட்கமாக இருந்தது. என் அண்ணி என்று பெருமையாகவும் இருந்தது. சேமித்தாள். சேமித்ததை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். பிறகு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, முறைப்படி வெளியேறினாள்.

அண்ணியின் அறைக்கு வந்து மெல்லச் சொன்னாள்: "நான் வெளிய வந்துட்டேன் அண்ணி."

"பாத்தேன்," என்றாள் அண்ணி திரும்பாமலே, சர்வரை நிறுத்தியபடி.