மழைக்கு வெட்டிய இரண்டு வகுப்பு

1950ஆம் ஆண்டு மே மாதம், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு, கைக்குழந்தைகளை வைத்தால் எடையைக் காட்டாமல், அவர்கள் எத்தனையாம் வகுப்புவரை படிப்பார்கள் என்பதைக் காட்டத் தொடங்கியது. கொழுந்தை மட்டும் பழையபடி ராத்தல் கணக்கில் சரியாகவே காட்டியது. சோலைமலையின் மகனுக்கு மூன்று வந்தது; கூரை ஒழுகாத லயத்து வீட்டுக்குக் குடும்பம் மாறியபின் ஐந்து. தகப்பன் சாராயத்தை விட்டதும் ஆறாகி, திருவிழாவுக்கு மறுநாள் மீண்டும் ஐந்தானது. அதன்பின் பல தகப்பன்மார் மடுவத்துப் பக்கம் வராமல் சுற்றுப்பாதையில் நடந்தார்கள்.

வீரம்மா தன் மகள் பூரணியைத் தூக்கி வந்த அன்று அடைமழை. சன்னல் வைத்த காம்பரா அறையில் பிறந்த பிள்ளை என்பதாலோ என்னவோ, முள் பத்தில் நின்றது. கணக்கப்பிள்ளை செல்லசாமி, ஈரக் கொழுந்துக்கு எடை வெட்டும் பழக்கத்தில், மழைக்கு இரண்டு வெட்டி எட்டு என்று எழுதிவிட்டார்.

"எம்புள்ள என்ன கொழுந்தாங்க, ஈரத்துக்கு வெட்டுறதுக்கு?"

"எழுதுனது எழுதுனதுதான். நானே எட்டுதான் படிச்சேன், போ."

ஹட்டன் பள்ளிக்கூடத்தில் பூரணி எட்டாம் வகுப்புவரை முதலாவதாக வந்தாள். 1964 ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பு வாசலைத் தாண்டிக் காலை வைத்தாள். கால் ஒவ்வொரு தடவையும் வெளித் தாழ்வாரத்திலேயே இறங்கியது. மகளை டீச்சராக்கிப் பார்க்க இருந்த வீரம்மாவிடம், அப்படியானால் அவளைக் கொழுந்தெடுக்கப் பேர் பதியும்படி தோட்டத்து ஆபீசில் சொன்னார்கள்.

கணக்கில் வெட்டிய கொழுந்து வெட்டியவர் பக்கமே சேரும் என்பது வீரம்மாவுக்குத் தெரியும். செல்லசாமிக்கோ சில வருடங்களாகக் காரணமில்லாமல் அல்ஜிப்ரா தெரிந்திருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது வாய் தானாக முக்கோணங்களைப் பற்றிப் பேசியது.

"அந்த ரெண்டு வகுப்பும் உங்க மண்டைக்குள்ளதான் இருக்கு. எம்புள்ளயோட வந்து குந்துங்க."

"இந்த வயசுலயா? தொர சிரிப்பாரு, வீரம்மா."

"சிரிக்கட்டும். நீங்க வராட்டி நாளைக்கு ஒருத்தியும் தராசுல கூடை மாட்ட மாட்டா. ஆறரைக்கு பஸ்ஸு."

செல்லசாமி முன்னால் நுழைந்ததும் பூரணியின் கால் வகுப்புக்குள் இறங்கியது. இரண்டு வருடம் அவர் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தார். பவுலின் டீச்சர் இருவருக்கும் வரவு போட்டார். வீட்டுப்பாடம் செய்யாத நாளில் அவரையும் முட்டி போடவைத்தார். பத்தாம் வகுப்புக் கடைசிச் சோதனையின்போது மட்டும், விடை காட்டிக்கொடுக்காதபடி, செல்லசாமி சுவரைப் பார்த்து உட்கார வேண்டியிருந்தது. பூரணி தேறினாள்.

முடிவு வந்த வாரம், மழைநாளில் நிறுக்கப்பட்ட தன் மகனோடு கொழுந்தெடுக்கும் ராசம்மா செல்லசாமியின் வாசலில் நின்றாள்.

"இவனுக்கும் ரெண்டுங்க."

செல்லசாமி செருப்பை மாட்டினார். பள்ளிக்கூடத்தில் அதற்குள் அவர் உயரத்துக்கு ஒரு வாங்கு செய்து போட்டிருந்தார்கள்.