மறந்துவிடும் அறை

அக்காவும் தம்பியும் நடத்தும் நெட் சென்டரில் காலையிலேயே சண்டை. தம்பி போன வாரம்தான் கம்ப்யூட்டர்களை மாற்றி அமைத்திருந்தான். இப்போது ஒவ்வொன்றின் திரையிலும் தனித்தனி அறைகள், ஒன்றில் இருப்பது மற்றதில் தெரியாது. கடைக் கணக்குக்கு ஓர் அறை. வாடிக்கையாளர்களுக்குச் சிவப்பு ஓரம் போட்ட இன்னோர் அறை. அதை மூடினால் உள்ளே இருந்த அத்தனையும் அழிந்துவிடும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எதைக் கொண்டுபோனாலும் அனுமதி கேட்கும்.

“ஒரு பிரிண்ட் எடுக்கறதுக்குள்ள உயிர் போகுதுடா. கியூல நிக்குறவங்க என்னைத்தான் முறைக்கிறாங்க.”

“கண்டவங்க பென் டிரைவுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமாக்கா?”

“உன் மண்டையில என்ன இருக்குன்னே தெரியல. இன்னிக்கு ஒருநாள் பார்ப்பேன். நாளைக்குப் பழசையே போட்டுடு.”

மூலையில் ஒரு நர்ஸ், வேலைக்கான விண்ணப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். நடுவில் போன் வந்ததால் வாசலுக்குப் போய்ப் பேசினார். முடித்துவிட்டுப் போய்விட்டார் என்று எண்ணிய அக்கா, அந்தக் கம்ப்யூட்டரின் சிவப்பு அறையை மூடிவிட்டாள்.

திரும்பி வந்தவர் வெறும் திரையைப் பார்த்து அப்படியே நின்றார். அக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

“டேய், எப்படியாவது எடுத்துக் கொடுடா!”

“வராதுக்கா. மறக்கறதுக்குன்னே செஞ்ச அறை அது.”

“சிஸ்டர், மன்னிச்சிடுங்க. கடைக் கணக்கு அறையில அடிங்க, அங்க எதுவும் அழியாது.”

“அப்ப உங்ககிட்டயே இருக்குமா?” நர்ஸ் அக்காவின் காதோடு சொன்னார். “மனசு சரியில்லாம ரெண்டு வருஷம் வேலைக்குப் போகலைங்க. அதெல்லாம் எழுதியிருந்தேன். முன்னாடி வேறொரு கடையில அடிச்சப்ப, எனக்கப்புறம் அந்த சீட்ல வந்து உக்காந்தது என் நாத்தனார். அப்புறம் சொல்லணுமா?” அவருக்கே சிரிப்பு வந்தது. “சிவப்புலயே அடிக்கிறேன். ஆனா என் வேகத்துக்கு மதியத்துக்குள்ள முடியாது.”

“நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்,” என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆனால் அந்தச் சின்னக் கடையில் மெல்லச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கும். நர்ஸ் கியூவைத் திரும்பிப் பார்த்தார்.

கியூவில் முதலாவதாக நின்ற வேன் டிரைவர் தொண்டையைக் கனைத்தார். “வாங்க, எல்லாரும் வெளியில நிப்போம். காத்து நல்லா வருது.”

வெளியே காற்றுமில்லை, நிழலுமில்லை, வெயில் கொளுத்தியது. ஆனாலும் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும், தம்பியும்கூட, வெளியேறினார்கள். டிரைவர் கதவைச் சாத்தி, தன் வேனின் பிரேக் பழுதைப் பற்றி ஊருக்கே கேட்கும்படி பேசத் தொடங்கினார். அந்த வெயிலைக் கடவுள் மறக்கமாட்டார்.

உள்ளே ஒருவர் சொல்லச் சொல்ல, மற்றவர் தட்டினார். நடுவில் ஒரு வரியில் இருவருக்கும் கண் கலங்கியது. அடுத்த வரியில் ஒரு டாக்டரின் கையெழுத்தைப் பற்றிப் பேச்சு வந்து சிரித்தார்கள். விண்ணப்பம் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

“பழசையே போட்டுடவாக்கா?” என்றான், மதியமாகிவிட்டதென்று உள்ளே வந்த தம்பி.

“வேண்டாம். ஆனா மூடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கற மாதிரி செய்.”

“அது உன்னைக் கேக்கறது இருக்கட்டும். நீ அவங்களைக் கேட்டிருக்கலாம்ல?”

காகிதக் கட்டால் அவன் தலையில் ஒன்று போட்டுவிட்டு, அக்கா நர்ஸின் பக்கம் திரும்பினாள்.

“முடிஞ்சுதா சிஸ்டர்? மூடலாமா?”

“மூடுங்க,” என்றார் நர்ஸ் நிம்மதியாக, வெளியே நிற்பவர்களை அழைக்கக் கதவைத் திறந்தபடி.